டிரம் இல்லாமல் ஊதினேன்

தோற்றவர்களில் இரண்டு வகை. யாரும் பார்க்காமல் தோற்றவர்கள். ஒலிபெருக்கி கட்டித் தோற்றவர்கள். நான் இரண்டாம் வகை. எழுபதுகளின் நடுவில், ராயபுரத்தில், இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டித் தோற்றேன்.

அப்போது பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணங்கள் எப்போதாவது வரும், சாவுகள்தான் நம்பிக்கையானவை. சாவு வீட்டு வாசலில் முதலில் கிளாரினெட் மட்டும் தனியாக அழ வேண்டும், பிறகுதான் டிரம் சேரும் என்பது எங்கள் வழக்கம். அந்தத் தனிக் குரல் கேட்டால் தெருவே அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடும்.

செலினாவைக் காதலித்தேன். அவள் அப்பா அந்தோணிசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பெண் கேட்டபோது சொன்னார்: "சாவுக்கு ஊதறவனுக்கு என் பொண்ணு கெடையாது. வேற எதுனா ஊதத் தெரிஞ்சா ஊதிக் காட்டு, அப்பால பாக்கலாம்."

காட்டுகிறேன் என்றேன். (சும்மா இருந்திருக்கலாம். ஊதுகிறவன் வாய் அல்லவா, இருக்காது.)

சிற்றலை வானொலியில் ஒருநாள் ஏதோ தூரதேசத்து மனிதன் ஓர் இயந்திரத்தோடு சண்டை போடுவதுபோல் கிளாரினெட் வாசித்தான். தாளமில்லை, பாட்டில்லை, கடல் மட்டும் இருந்தது. அதுதான் என் வழி என்று முடிவுகட்டினேன். மைக் செட் காதர் பாயிடம் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் இருந்தது. நான் ஊதுவதைப் பிடித்து, ஒரு மூச்சு கழித்து அதுவே திருப்பி ஊதும்படி ஏதோ செய்தார். "இனிமே நீ ரெண்டு ஆளு மாமு," என்றார்.

ஞாயிறு மாலை. மாதா கோயில் ஹால். முன்வரிசைச் சாய்வு நாற்காலியில் அந்தோணிசாமி, இரவு ஷிப்ட் முடித்த கண்களோடு. பின்னால் செலினா. நான் கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் வந்ததையெல்லாம் ஊதினேன்: கப்பல் சங்கு, எண்ணெய் மிதக்கும் அலை, அவள் பின்னல். ஸ்பூல் எல்லாவற்றையும் இழுத்து இழுத்துத் திருப்பி அனுப்பியது. ஒரு கிளாரினெட் மூன்றாகி, மூன்று முப்பதாகி, ஊளையிட்டது.

வெளியே ஒரு பெண் குரல் பதிலுக்கு அழுதது. பிறகு இன்னொன்று. மக்கள் மனத்தைத் தொட்டுவிட்டேன் என்று உடம்பு சிலிர்த்தது. இன்னும் உருகி ஊதினேன். (அடப்பாவி!)

காதர் பாய் தன் தொழில் வழக்கப்படி ஸ்பீக்கர்களை மொட்டைமாடியில், தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார். டிரம் இல்லாத கிளாரினெட் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும் என்பதை நான் மறந்திருந்தேன்.

கண்ணைத் திறந்தேன். ஹால் நிறைய மார்பில் அடித்துக்கொண்டு பெண்கள், பிணத்தைத் தேடினார்கள். முன்வரிசையில் வாய் பிளந்து சாய்ந்து கிடந்தார் அந்தோணிசாமி. பூக்கார ரீட்டாக்கா ரோஜா மாலையை அவர் கழுத்தில் போட்டு, காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

அவர் விழித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது?"

"அண்ணாத்தே... நீ சாவலியா?"

"எவன் சொன்னான்?"

அக்கா என்னைக் காட்டினாள். "தோ, அவந்தான் ஊதுனான்."

மைக் திறந்தே இருந்தது. ஒரு மூச்சு கழித்து ஸ்பூல் ராயபுரம் முழுக்க விசாரித்தது: சாவலியா... சாவலியா... சாவலியா...

அடுத்த தை மாதம் செலினா பெரம்பூர் ரயில்வேக்காரர் ஒருவருக்கு மனைவியானாள். (வேறு பேண்டு.) தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தோணிசாமி தன் மூக்கடியில் விரல் வைத்து, "மூச்சு கீதுடா, போ" என்பார். என் வீட்டிலும் இன்றுவரை யாராவது நாற்காலியில் கண்ணயர்ந்தால் என் மனைவி, "கொஞ்சம் ஊதுங்க, எய்ந்துக்குவாங்க" என்பாள்.

இரண்டு வருடம் முன்பு அந்தோணிசாமி மெய்யாகவே போனார். வாசலில் தனியாக ஊத என்னைத்தான் கூப்பிட்டார்கள். (அவரே சொல்லிவைத்திருந்தாராம்.) ஊதி முடித்தேன். டிரம்காரர் குச்சியைத் தூக்கியபடியே நின்றார். தெருவே அந்தோணிசாமி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில், தலை நரைத்த செலினா குனிந்து, "எய்ந்துக்கோ நைனா, ஊதிட்டான்" என்றாள்.

ஒரு மூச்சு காத்திருந்தோம். பிறகு டிரம்.