சாரதாம்பாள் போட்ட நங்கூரம்

மெர்டேக்கா கிடைத்த மறுவாரமே நானும் சுதந்திரம் அடைவதென்று முடிவு செய்தேன். நாட்டை விட்டு வெள்ளைக்காரன் போனான். என்னை விட்டு ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

ஊருக்கெல்லாம் ஞாயிறு ஓய்வு நாள். காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் மட்டும் அது திருப்பணி நாள். மற்ற நாள்களில் நான் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மேசை மணியைத் தட்டினால் ஆள் ஓடி வரும். ஞாயிற்றுக்கிழமை அந்த மணி என் மனைவி சாரதாம்பாளின் தொண்டைக்குள் போய்விடும். "என்னங்க" என்பாள். நான் ஓடுவேன். ஒரு என்னங்கவுக்குக் கூரையில் ஏறி ஓடு மாற்றினேன். இன்னொரு என்னங்கவுக்குத் திருட்டுப் பூனையைச் சாக்கில் கட்டிப் பாசார்ச் சந்தையில் விட்டு வந்தேன். நான் வீடு வந்து சேர்ந்தபோது பூனை எனக்கு முன்பே வந்து பால் குடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீஸ் துரை சீமைக்குக் கப்பலேறத் தயாரானார். கொண்டுபோக முடியாத சாமான்களில் இரண்டை எங்களுக்குக் கொடுத்தார். ஒன்று ஐஸ் பெட்டி. மற்றது கிளேபாங் கடற்கரையில் அவர் வைத்திருந்த சின்னப் போட்டு. துடுப்பால் தள்ளுகிற மரப் போட்டு. இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் தர்மசங்கடமாகவும் உட்காரலாம். நான் மூத்தவன் என்பதால் துரை என்னைத்தான் முதலில் கேட்டார். எனக்குப் பின்னால் சின்னக் கிராணி தேவதாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை எடுத்தால் அது வீட்டில் இருக்கும், நானும் அதற்குத் துணையாக வீட்டில் இருக்கவேண்டும். போட்டை எடுத்தால் நடுக்கடலில் இருக்கலாம். எந்த என்னங்கவும் அவ்வளவு தூரம் நீந்தி வராது.

"போட்டு, சார்," என்றேன்.

தேவதாஸின் முகம் வாடிவிட்டது. அவர் போர்ட் டிக்சன் கடலோரம் பிறந்து வளர்ந்தவர், மீன் பிடிப்பதென்றால் உயிர். போதாக்குறைக்கு அவர் வீடு குருபோங்கில். அந்தப் பக்கம் அப்போது கரண்டு வரவில்லை. கரண்டு இல்லாத வீட்டுக்கு ஐஸ் பெட்டி போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி ருக்மணி அதில் வேட்டியும் சேலையும் மடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

போட்டை நங்கூரம் போட்டு எப்படி நிறுத்துவது என்று துரை நின்று நிதானமாக விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்றேன். அவர் சொல்வதற்கெல்லாம் யெஸ் சார் சொல்லி எனக்குப் பழக்கம். காதில் வாங்கிப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்தேன். சாரதா அடுப்படியில் மீன் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தொரை ஏதோ சாமான் குடுக்கிறார்னீங்களே, என்ன வந்துச்சு?"

"போட்டு."

"எதைப் போட்டு?"

"எதையும் போட்டு இல்ல. போட்டு. கடல்ல போற போட்டு."

"வேற என்ன இருந்துச்சு அங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். என் பொய்க்கு என்னைவிட ஆயுசு குறைவு.

"ஒரு ஐஸ் பெட்டி இருந்துச்சு. அதை தேவதாஸ் எடுத்துக்கிட்டார்."

குழம்பில் கரண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"நல்லதுதாங்க," என்றாள். "கடல் காத்து உடம்புக்கு நல்லது."

அவள் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நடுத்தண்ணியில அதை எப்படி நிப்பாட்டுவீங்க?"

"நங்கூரம் இருக்கு. நாலு கொக்கி வச்ச இரும்பு. கயித்துல கட்டியிருக்கும்."

"அதைப் போடத் தெரியுமா உங்களுக்கு?"

"போடறதுல என்ன தெரியணும்? போட்டா விழும். விழுந்தா போட்டு நிக்கும். அதுக்குப் போட்டுன்னு பேர் வச்சதே அதனாலதான்."

அவள் சிரித்தாள். என் சிலேடைக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு விடிந்ததும் பசியாறிவிட்டுச் சைக்கிளில் கிளேபாங் போனேன். கடல் அமைதியாக இருந்தது. துடுப்புப் போட்டுக் கரையிலிருந்து நல்ல தூரம் தள்ளிப்போனேன். எழுந்து நின்றேன். நங்கூரத்தைத் தலைக்குமேல் தூக்கி, வேலெறிகிற வீரனைப் போல எறிந்தேன். அது அழகாகப் போய் விழுந்தது. அதன் பின்னால் கயிறு சரசரவென்று போனது. கயிற்றின் மறுநுனியும் போனது.

மறுநுனியைப் போட்டில் கட்டவேண்டும் என்பது துரை சொன்ன முதல் பாடமாக இருந்திருக்கவேண்டும்.

நங்கூரம் உறுதியாக நின்றது. நான்தான் நிற்கவில்லை. நீரோட்டம் என்னைப் பக்குவமாக இழுத்துக்கொண்டு போய், வேறொரு கம்பத்துக் கரையில், முன்பின் தெரியாத அந்தக் கிராமத்துச் சேற்றில் செருகிவிட்டது. கரையோரமாகவே போட்டை இழுத்துக் கிளேபாங்கில் சேர்த்துவிட்டு, இடுப்புவரை சேற்றோடு வீடு திரும்பினேன்.

"மீன் எங்கங்க?" என்றாள் சாரதா.

"இன்னிக்குக் கடல்ல மீன் இல்ல."

"நங்கூரம்?"

நான் கிணற்றடிக்குப் போய்ச் சேற்றைக் கழுவ ஆரம்பித்தேன்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து அவளே என்னைக் கிளேபாங்குக்கு அழைத்துப் போனாள். வெகுதூரத்துக்கு வெறும் சேறு. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அதோ கயித்து வால் தெரியுது பாருங்க," என்று கைகாட்டினாள். நான் முழங்கால் புதையப் புதைய நடந்து எடுத்து வந்தேன். நான் போட்டதை நானே பொறுக்கினேன் என்ற ஆறுதல் ஒன்றுதான் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை சாரதா வழக்கம்போல் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தாள். திருநீற்றை எனக்குப் பூசிவிட்டுச் சொன்னாள்.

"கயித்தை மொதல்ல போட்டோட மூக்குல கட்டிடணுமாம். வால்ல கட்டக் கூடாது. பின்பக்கம் கட்டினா அலை உள்ள ஏறி முங்கிடுமாம்."

"யார் சொன்னது?"

"கோயிலுக்கு நாலு பேர் வராங்க. பேச்சுவாக்குல காதுல விழுந்துச்சு."

பிள்ளையாருக்கு வாகனம் மூஞ்சூறு. கடல் பக்கம் அவர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவளிடம் விவாதம் செய்யக் கூடாது.

மறுநாள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பயிற்சி நடந்தது.

"கிணத்துல வாளியைத் தூக்கியா எறியிறீங்க? மெதுவா எறக்குவீங்கள்ல, அதே மாதிரி எறக்கணும். அடியில பட்டது கையில தெரிஞ்சதும், போட்டைப் பின்னால ஒதுங்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் கயித்தை விடணும். கடைசியில ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கணும்."

"எவ்வளவு கயிறு?"

"தண்ணி ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு. அதுக்குக் கொறைஞ்சா பிடிக்காதாம்."

"அஞ்சு மடங்கா? அடி தொட்டா போதாதா?"

"உங்க இஷ்டம். நாளைக்கு நானும் கூட வரேன்."

என் சுதந்திரம் அங்கேயே பாதி போய்விட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்கச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு கரைத்தேன்.

ஞாயிறு காலை இருவரும் கடலில் இருந்தோம். அவள் ஒரு முனையில் குடையோடும் டிபன் கேரியரோடும் உட்கார்ந்திருந்தாள். நான் கயிற்றை மூக்கில் கட்டினேன். நங்கூரத்தை வாளி போல இறக்கினேன். அடி தொட்டது. ஆனால் ஐந்து மடங்கு விடவில்லை. மனைவி சொன்னதில் கொஞ்சமாவது மீற வேண்டாமா? அடி தொட்டதற்கு மேல் ஒரு முழம் விட்டுக் கட்டிவிட்டேன்.

சாப்பிட்டோம். தூண்டிலைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"என்னங்க."

"ம்."

"அந்த ஒத்தைத் தென்னை மரத்தையும் அதுக்குப் பின்னால இருக்கிற மசூதிக் கூரையையும் நேர்கோட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். இப்ப மரம் நடக்குது."

"மரம் நடக்காது சாரதா."

"அப்ப நாம நடக்குறோம்."

எழுந்து பார்த்தேன். தென்னை ஒரு பக்கம், மசூதி ஒரு பக்கம். கரை சின்னதாகிவிட்டது. ஏறிய தண்ணீர் போட்டைத் தூக்க, கயிறு போதாமல் நங்கூரம் சேற்றிலிருந்து கிளம்பி எங்களோடு உலாவந்துகொண்டிருந்தது. போகிற திசையில் பார்த்தால் சுமத்ரா. நான் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் குத்தினேன். சாரதாவின் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது, ஆனால் குரல் மாறவில்லை.

"பயப்படாதீங்க. மிச்சக் கயித்தையும் விடுங்க. ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா."

விட்டேன். கடைசியில் கயிறு விறைத்தது. போட்டு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. தென்னையும் மசூதியும் அசையவில்லை. நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது.

"இப்ப நல்லா நின்னுடுச்சு," என்றாள் சாரதா, காலை நீட்டிக்கொண்டு. "வீட்டுல பேச நேரமே கெடைக்கிறதில்ல. உங்க தம்பி கல்யாணத்துல எனக்கு எடுத்த சேலையைப் பத்தி உங்ககிட்ட இன்னும் நான் கேக்கவே இல்ல."

கேட்டாள். தம்பி கல்யாணத்திலிருந்து என் அத்தை சொன்ன ஒரு சொல்லுக்குப் போனாள். அங்கிருந்து குளியலறைக் கதவுக்கு வந்தாள். குளியலறைக் கதவிலிருந்து நான் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேசரியை மிச்சம் வைத்ததற்குப் போய்விட்டாள். வீட்டில் என்றால் தெருச் சடக்கில் இறங்கி வெற்றிலைக் கடைவரை போய்வரலாம். இங்கே எங்கே போவது? எழுந்து நின்றாலே போட்டு ஆடியது. நங்கூரம் மலை மாதிரி பிடித்திருந்தது. அவள் சொன்ன ஐந்து மடங்கு கயிற்றை நானே என் கையால் விட்டிருந்தேன்.

வெயில் சாயும்போது கரைக்கு வந்தோம். இறங்கும்போது சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மூவார்லேருந்து எங்க அண்ணனையும் வரச் சொல்லிடுறேன். அவருக்கும் உங்ககிட்ட நெறையப் பேசணுமாம். இங்கன்னா யாரும் பாதியில எந்திரிச்சுப் போக முடியாது பாருங்க."

மச்சான் பேச ஆரம்பித்தால் கடிகாரத்துக்கே இரண்டாம் முறை சாவி கொடுக்கவேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில், பத்திரமாகக் கரை சேர்ந்ததற்குத் தேங்காய் உடைக்கவென்று சாரதா கோயிலுக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் நேரே தேவதாஸ் மேசைக்குப் போனேன்.

"ஐஸ் பெட்டி எப்படி இருக்கு தேவதாஸ்?"

"நல்லா இருக்குண்ணே. வேட்டியெல்லாம் பூச்சி அரிக்காம இருக்கு."

"போட்டுக்கு மாத்திக்கிறீங்களா?"

தேவதாஸ் கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அது கஷ்டம் லா அண்ணே. ருக்மணிக்கு அந்தப் பெட்டி மேல ரொம்ப ஆசை."

விடுவேனா. கடல் காற்றின் மகிமையைச் சொன்னேன். மீனின் ருசியைச் சொன்னேன். மச்சானைப் பற்றி மூச்சு விடவில்லை. ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு அரை மனதாகச் சம்மதித்தார்.

"அண்ணன் இவ்வளவு தூரம் சொல்றீங்க, எப்படி மறுக்கிறது. ஆமா, கயித்தை முழுசா விட்ட பிறகு நங்கூரம் நல்லாப் பிடிச்சுக்கிச்சாமே?"

"கல்லு மாதிரி," என்றேன்.

இந்த விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இளிச்சவாயன் கிடைத்துவிட்டான் என்கிற சந்தோஷத்தில் இருந்தேன்.

ஒரே கவலை சாரதாதான். கடல்மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்த பிறகு எப்படிச் சொல்வது? சனிக்கிழமை மத்தியானம் லோரி வாசலுக்கு வந்து நிற்கும்வரை சொல்லவில்லை. ஆள்கள் ஐஸ் பெட்டியை இறக்கும்போது மெல்லப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சாரதா, மனசைத் தேத்திக்க. போட்டைக் குடுத்துட்டேன். உனக்காகத்தான் இந்தப் பெட்டி."

"போட்டு போயிடுச்சா? சரி, பரவாயில்லீங்க," என்றாள். குரலில் வருத்தத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அடுக்களை மூலையில் அரிசிப் பானை இருந்த இடம் காலியாக, கூட்டிக் கழுவிக் கோலம் போட்டிருந்தது. பெட்டி அங்கே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. சாரதா அலமாரியைத் திறந்து ஒரு நீலத் துணியை எடுத்து உதறினாள். நாலு ஓரமும் பூவேலை செய்த உறை. பெட்டியின் தலைவழியாக மாட்டி இழுத்துவிட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. கைப்பிடிக்கு வேண்டிய திறப்புகூட அதற்குரிய இடத்தில் இருந்தது.

நான் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதை எப்ப தைச்சே?"

"மொத வெள்ளிக்கிழமையே ருக்மணி கோயில்ல அளவு குடுத்துட்டா, அன்னிக்கே தைச்சு வச்சுட்டேன்," என்றாள் சாரதாம்பாள். "நீங்களாப் போய் மாத்திக் கேக்கத்தான் இத்தனை நாளாச்சு."