அக்கரைத் துறை

மேட்டுநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் தலைநகரம் மலை உச்சியில் இருந்தது. கடல் எந்தத் திசையில் என்று அங்கே கேட்டால் வரைபடத்தைத் தேடுவார்கள். கடலுக்கு அப்பால் இருந்த நாட்டோடு உறவு பேண அங்கே ஓர் அலுவலகமும் உண்டு. பெயர், அக்கரைத் துறை.

கடலோரத்து நம்புத்தாய்க்கு அந்தப் பெயர் காதுவழியாக மட்டுமே தெரியும். அக்கறைத் துறை என்று நினைத்து, புருஷனை மீட்டுத் தரச் சொல்லி மலையேறி வந்துவிட்டாள்.

"இது சின்ன 'ர'ம்மா," என்று செயலர் பெயர்ப்பலகையைக் காட்டினார். "பெரிய ற போட்டா வேற அர்த்தம். அந்த வேலைக்கு இங்க ஆளே கிடையாது."

"எந்த 'ர'வா இருந்தா எனக்கென்னங்கய்யா? எம் புருசனப் பிடிச்சு வச்சிருக்கது அக்கரையிலதான?"

செயலர் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் முனியராசு வேண்டுமென்று எல்லை தாண்டியவனில்லை. மேட்டுநாட்டுப் படகு விளக்குகள் தன் கண்ணைக் கூசவைப்பதாக அக்கரை மன்னர் ஒரு விருந்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். உடனே இத்துறை படகில் விளக்கேற்றத் தடை போட்டது. கும்மிருட்டில் எல்லைக்கோடு யார் கண்ணுக்குத் தெரியும்? மீனவர்கள் படகு படகாக அக்கரைக் காவலர்களிடம் பிடிபட்டார்கள். பெண்கள் கரையில் நின்று அழுதார்கள். அழுகை நட்புறவுக்குக் குந்தகம் என்று அதற்கும் தடை வந்தது. வீட்டுக்குள்ளே, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்கள்.

உள்ளே ஆலோசனை நடந்தது. கதவைச் சாத்தக்கூட இல்லை. பெஞ்சில் இருப்பவளை யார் ஆளாக மதித்தார்கள்? மேட்டுநாட்டு மன்னரின் மச்சானுக்கு அக்கரையில் துறைமுகக் குத்தகை கிடைக்கவிருந்தது. அதற்குள் இந்த மீனவர் தொல்லையை முடித்தாக வேண்டும்.

"கண்டனம் தெரிவிக்கலாமா?" என்றார் அமைச்சர்.

"மச்சான் சங்கடப்படுவாருங்க," என்றார் செயலர்.

"கவலை?"

"லேசான கவலைன்னா தாங்குவாரு."

தலைமை ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "எல்லை கடலுக்குள் இருப்பதுதான் கோளாறு. நம் கரையையும் அவர்களுக்கே அன்பளிப்பாகத் தந்துவிட்டால், மீனவர்கள் தாண்டுவதற்குக் கடலில் எல்லையே இராது."

சபை மெய்சிலிர்த்தது. முத்திரை விழுந்தது. குடிசை, வலை, சுடுகாடு எல்லாவற்றோடும் கடலோரம் கைமாறியது.

நம்புத்தாய் வாசலில் வந்து நின்றாள். "அப்ப எம் புருசன் இப்ப அவுக ஆளு. விட்டுருவாகள்ல?"

"அது அவங்க உள்நாட்டு விவகாரம். நாம தலையிட மாட்டோம்," என்ற செயலர் சற்று நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீ எந்த ஊரு? மேட்டுநாட்டுக்குள்ள வர அனுமதி வாங்கினியா?"

காவலர்கள் வந்து கையைப் பிடித்தார்கள்.

"விடிஞ்சதுலருந்து இந்த பெஞ்சுலதான்யா கிடக்கேன். எல்லையத் தூக்கியாந்து என் ஊருக்கு இந்தப் பக்கம் போட்டுட்டு, நான் தாண்டிட்டேங்குறீகளே. வெக்கமா இல்ல?"

வெட்கப்படுவதற்குப் பதிலாக அமைச்சரின் முகம் மலர்ந்தது.

"உள்ள வைங்க. அக்கரை மன்னர் இங்க வர்ற அன்னைக்கு நல்லெண்ண அடிப்படையில விடுதலை பண்ணிரலாம். ஒரு ஆள் போதாது, கடலோரத்துலருந்து வேலைக்கு வந்தவங்க ஊருக்குள்ள இன்னும் யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க."