உப்பக்காவும் கடையும் குப்பியும்

நீலகிரி மலையில் உப்பைப் பற்றித் துளியும் கவலைப்படாமல், உப்பு வைக்கும் குப்பிக்காக மட்டும் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர் உப்பக்கா ஒருவர்தான். குன்னூரில் நான் வேலை பார்த்தபோது தங்கியிருந்த பெண்கள் விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸில் கணக்கர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

விக்டோரியா மகாராணி காலத்தில் துரைமார்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, துளை போட்ட மூடி வழியே உப்புத் தூவிக்கொண்ட கண்ணாடிக் குப்பிகளை அவர் சேர்த்தார். மாதுளைச் சிவப்பு, தேன் நிறம், பால் வெள்ளை. அவை அலமாரியில் குடியிருக்க, அக்காவின் புடவைகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. எந்தக் குப்பியிலும் ஒரு கல் உப்புக் கிடையாது. "உப்புப் போட்டா மூடி அரிச்சுப்போயிரும் அம்முணி" என்பார்.

ஊட்டியில் ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். நானும் அக்காவும் அங்கே டீ குடிக்கப் போனோம். பக்கத்து மேஜையில் ஒரு பெரிய மனிதர், எதிரே ஒரு பழைய மாதிரி உப்புக் குப்பியோடு, ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா நேரே அவரிடம் போய் நின்றார்.

"ஏனுங்க, சித்த அடி பார்த்துக்கட்டுங்களா?"

அவர் எழுந்தே விட்டார். "எதுக்குங்க அடி? நா என்ன பண்ணுனேன்?"

"உங்களுக்கில்லீங்க. குப்பியோட அடி."

அக்கா குப்பியைக் கவிழ்த்து அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தார். போன வருஷத்துக் கண்ணாடி. மூடி கழன்று, உப்பு மொத்தமும் ஆம்லெட்டின் மேல். அவருக்கு வேறு ஆம்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் டீகூடக் குடிக்காமல் திரும்பினோம்.

அக்காவின் கனவில் வந்தது ஒரே ஒரு வகைக் குப்பி. மலையில் மூடுபனி ஈரத்துக்கு உப்பு கட்டிதட்டிவிடும். எப்படி ஆட்டினாலும் விழாது. அதற்கென்றே அந்தக் காலத்தில் ஒன்று செய்தார்களாம். மூடிக்குள் பல் வைத்த ஒரு கம்பி. மேலே உள்ள குமிழைத் திருகினால், தயிர் கடைகிற மாதிரி அது உப்பைக் கடைந்து உடைக்கும். அதன் படத்தை அக்கா போனில் வைத்திருந்தார். மற்றவர்கள் பேரப்பிள்ளை படத்தைக் காட்டுவதுபோல் காட்டுவார்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவை ரிசார்ட்டுக்காரர்களுக்கு விற்கப்போகிறார்கள், சாமான்களை வந்து பார்க்கலாம் என்று சேதி வந்தது. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் அக்கா நின்றுகொண்டே வந்தார், உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போய்விடும் என்பதுபோல.

பங்களாவில் கட்டில் இருந்தது, பியானோ இருந்தது, புலித்தலைகூட இருந்தது. குப்பி இல்லை. அக்கா முகம் தொங்கிப்போய்ச் சமையலறை வழியாக வெளியே வந்தார். அங்கே பங்களாவின் பழைய பட்லர் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீலமாக ஏதோ ஒன்று. அதன் குமிழைத் திருகினார். கரகரவென்றது. கவிழ்த்தார். கஞ்சியில் பொலபொலவென்று உப்பு விழுந்தது.

அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. "அம்முணி, கடையுது அம்முணி" என்றார்.

கேட்டார். கெஞ்சினார். பட்லர் அசையவில்லை.

"விக்கிற சாமானில்லீங்கம்மா. தொரைசானி என்ற கையில குடுத்தது. இந்தக் குளிருல இதுலதான் உப்பு விழுகுது."

"அப்ப ஒருக்காத் திருகிப் பார்த்துக்கறனுங்கண்ணா."

பட்லர் அவருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அக்கா ஆசை தீரத் திருகினார். கஞ்சி கடல்தண்ணீர் ஆகியிருக்கும். கண்ணில் நீர் வர வர முழுவதையும் குடித்தார்.

"எப்பிடி இருக்குதுங்க?"

"தேனுங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் பட்லருக்குப் போன் போவது வழக்கமாயிற்று. "அண்ணா, சௌக்கியமுங்களா? குப்பி சௌக்கியமுங்களா?"

மழைக்காலத்தில் ஒரு நாள் பட்லரே விடுதி வாசலில் வந்து நின்றார், கையில் துணி சுற்றிய குப்பியோடு.

"மகன்கூடக் கோயமுத்தூர் போறனுங்க. அங்க உப்பு தானாவே கொட்டுமாமுங்க. இது உங்குளுக்குத்தான்."

அக்கா இரு கைகளையும் நீட்டினார். பட்லர் குப்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அலமாரில வெக்கறதுன்னா தரமாட்டனுங்க. தெனமும் புழங்கோணும்."

அக்கா வெளிறிப்போனார். நூறு வருஷம் தாண்டிய கண்ணாடி, விடுதி மெஸ்ஸில், எங்கள் கைகளில். இருந்தும் தலையாட்டினார்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொருவரின் இடப்பக்கமாக வந்து நின்று தானே திருகிப் போட்டார். குப்பியைக் காவல் காக்க வந்தவர் எங்கள் தட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"உனக்கு இது போதும், பிரஷர் மாத்திரை போடறே."

"ஏன் அம்முணி, நேத்தும் பாதிதானே சாப்பிட்டே? ஊட்டு நெனப்பா?"

அந்த விடுதியில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இப்போது நான் திருப்பூரில் தனியாக இருக்கிறேன். நானே சமைத்து நானே பரிமாறிக்கொள்கிறேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் கை வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், இடப்பக்கமாக யாரோ வந்து நிற்கப்போகிற மாதிரி.