வந்துவிட்ட விருந்தாளி

யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கம், இலை போட்டுக் கூப்பிட்டும் போகாவிட்டால் அப்புறம் பேச்சுவார்த்தையே இருக்காது. இந்த நல்ல பழக்கம்தான் ஊர் பார்க்க என் மானத்தை வாங்கியது.

எனக்குப் பார்த்திருந்த பெண் மலர்விழி, சேலத்தில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கட்டிக்கொள்ளப் போகிறவர் முதலில் அவள் நாடகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். போட்டோவிலேயே மனதைப் பறிகொடுத்திருந்த நான், அவள் கணக்குப் பாடம் நடத்தினாலும் பார்க்கத் தயாராக இருந்தேன்.

சூரமங்கலத்தில் ஒரு பழைய ஜவ்வரிசிக் கிடங்கை அரங்கமாக்கியிருந்தார்கள். கோடை முழுக்க வாரம் ஒரு நிகழ்ச்சி. இடம் பழகட்டுமே என்று முந்தைய வாரம் அங்கே நடந்த சர்க்கஸுக்கும் போயிருந்தேன். அந்தரத்தில் ஒரு பெண் துணியைப் பிடித்து மிதந்தாள். கீழே ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். கோமாளி மேடைக்கு ஆள் கூப்பிட்டபோது எழுந்து போனவருக்கு அப்படியொரு கைதட்டல். (நாம் போகாமல் விட்டோமே என்று வாரம் முழுக்க ஏங்கினேன்.)

நாடகத்தன்று பதற்றத்தில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. மலர்விழியின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்குகள் அணைந்தன. நீல வெளிச்சத்தில் புகை படர, எங்கிருந்தோ ஒரு வயலின். மலர்விழி தரையில் இலை விரித்து நேரே என்னைப் பார்த்தாள். (அந்த வெளிச்சத்தில் அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாதாம்.)

"வாங்க, சாப்பிடலாங்க."

யாரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள், இப்போது குரலில் அழுகை. இதற்குமேலும் உட்கார்ந்திருப்பவன் மனிதனா? செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ மிதப்பதுபோல மேடையேறி, இலைமுன் சம்மணமிட்டேன்.

அவள் குனிந்து கிசுகிசுத்தாள். "ஏனுங்க, கடைசிவரைக்கும் யாரும் வரமாட்டாங்க. அதுதானுங்க கதையே."

"கூப்பிட்டீங்களேங்க."

அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. வெறும் சட்டியிலிருந்து வெறும் கரண்டியால் அள்ளிப் பரிமாறினாள். நான் காற்றைப் பிசைந்து உண்டேன். அந்த நீல வெளிச்சத்தில் எனக்குச் சோறும் தெரிந்தது, எங்கள் கல்யாணமும் தெரிந்தது. அந்த மயக்கத்தில்தான் கேட்டுவிட்டேன்.

"ரசம் கொஞ்சம் ஊத்துங்க."

மலர்விழி வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள், அரங்கமே சிரித்தது. ஒரு மணி நேரச் சோக நாடகம் அத்தோடு முடிந்தது. மேடையோரம் இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் என்னெதிரே வந்து நின்றாள். "முழுசாப் பாருங்கன்னா, முடிச்சே வெச்சுட்டீங்களேங்க."

எல்லாம் போச்சு. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "பசிக்குதுங்க" என்றுதான் வந்தது.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "இவரை ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்கப்பா. நெசமாவே சோறு போடலாம்."

இப்போதும் அந்த அரங்கில் நாடகத்துக்கு முன் ஓர் அறிவிப்பு உண்டு: செல்போனை அணைத்துவிடுங்கள், மேடையிலிருந்து யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். கோடைதோறும் மலர்விழி அதே நாடகத்தைப் போடுகிறாள். "வாங்க, சாப்பிடலாங்க" என்று குரல் வந்ததும், ஒரு பக்கம் மாமனாரும் மறுபக்கம் எங்கள் மகளும் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள்.