காலணாவை எடுத்த பிறகு

இயேசு மரி சூசை துணை

ஆவடி,
3-12-1988, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா இக்னேஷியஸ் ஆசிரியர் அவர்களுக்கு, இளைய மாப்பிள்ளை அந்தோணிராஜ் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ஞானகுமாரியும் தாங்கள் கொடுத்த ரெக்கார்ட் பிளேயரும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் மழையோடு போயிருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. பதினெட்டாம் தேதி ஞாயிறு காலை திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்குவதாகவும், காபிகூடக் குடிக்காமல் முதல் வேலையாக 1961-இல் தாங்கள் பாடிய இசைத்தட்டை வைத்துக் கேட்கப் போவதாகவும், அதில் கரகரப்போ குதிப்போ இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் மூத்த மாப்பிள்ளை அமலதாஸிடம் ஒப்படைக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். “மெஷினைத் திருகத் தெரிந்தவருக்கெல்லாம் சங்கீதம் தெரிந்துவிடாது, மாப்பிள்ளை” என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன், ஞானகுமாரி மூன்று முறை சத்தமாகப் படித்தாள். மாமா, பதினொரு வருடமாக நான் தொழிற்சாலையில் லேத்தில் நிற்கிறேன். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடிவிட்டால் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கிற இடம் அது. சகலை தங்கமான மனிதர், பேங்க் ஆபீசர், எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் பியூஸ் போனால் மெழுகுவத்தி ஏற்றிவைத்து எலக்ட்ரீஷியன் வரும்வரை ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் கையில் இந்தப் பெட்டி போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே பெட்டி இங்கே வந்த இந்த மூன்று வாரத்தில் நான் செய்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

முதலில் காலணா. ஊசி குதிக்கக் கூடாதென்று அதைத் தாங்கும் கையின் தலையில் தாங்கள் ஓர் ஓட்டைக் காலணாவை அரக்கு வைத்து ஒட்டியிருந்தீர்கள். தெரிந்த நகைக்கடைக்குப் பெட்டியோடு போய், ஊசியைத் தராசில் இறக்கிப் பார்த்தேன். நாலு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு கிராம் இருந்தது. இத்தனை வருடமும் நாம் பாட்டைக் கேட்கவில்லை மாமா, உழுதுகொண்டிருந்திருக்கிறோம். மன்னிக்க வேண்டும், காலணாவைப் பெயர்த்துவிட்டேன், பத்திரமாக மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்ததும் ஊசிக்குத் தலைகால் புரியாமல் முதல் வரியிலிருந்து நேராக நடு லேபிளுக்குத் தாவிவிட்டது, எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு சாப்பாட்டு இடைவேளையில் கழிவுப் பித்தளையில் ஒரு சின்ன எடை கடைந்து, மறையிட்டு, கையின் வால் பக்கம் பூட்டி, அரைச் சுற்று முன்னால் கால் சுற்றுப் பின்னால் என்று திருகித் திருகி நாலு கிராமில் நிறுத்தினேன். அப்புறம் தட்டை வைத்தேன். மாமா, தங்கள் குரலில் அவ்வளவு கனிவு இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. நேரில் பேசும்போது அது வெளியே தெரிவதில்லை.

அன்றைக்குத்தான் ஒரு கோளாறும் முதலில் காதில் பட்டது. ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் முன்னால் “ஸ்” என்று ஒரு சத்தம். சரி, அதிர்வாக இருக்கும் என்று நினைத்தேன். அதிர்வுக்கு இங்கே குறைவில்லை, எங்கள் தொழிற்சாலையில் செய்யும் பீரங்கி டாங்கிகளைக் காலையில் சோதனை ஓட்டம் விடுவார்கள், செகண்ட் ஷிப்ட் வாரத்தில் நான் பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போட்டால் குவார்ட்டர்ஸே லேசாக நடுங்கும், ஊசியும் கூடவே நடுங்கும். நானே கடைந்த உருப்படி அந்த டாங்கிக்குள் போய் என் வீட்டு ஊசியைத் தட்டிவிடுகிறது, யாரிடம் போய்ப் புகார் சொல்வது? எனவே சமையலறை அலமாரியிலிருந்து ஒரு கடப்பைக் கல்லை உருவினேன், அதன்மேல் இருந்த டப்பாக்கள் இப்போது கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஒரு பலகைத் தட்டில் மணலைச் சலித்துப் பரப்பி, அதன்மேல் கல்லை வைத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்து நாலு மூலைக்கும் கொடுத்தேன். அப்போதும் கனம் போதவில்லை. கனமான பொருள் என்று வீட்டில் தேடினால் ஞானகுமாரியின் அம்மிதான் இருந்தது, அதையும் கல்லோடு ஏற்றிவிட்டேன். மிக்ஸிதான் இருக்கிறதே என்று சொன்னேன். “மிக்ஸியில அரைச்சதை நீங்களே சாப்பிடுங்க, எனக்குத் துவையல் அம்மியிலதான் அரைக்கணும், நாலாந்தேதி ஞாயித்துக்கிழமைக்குள்ள கல்லு என் அடுப்படிக்கு வரணும்” என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு பேபி அக்காவின் அம்மியில்தான் இப்போது எங்கள் துவையல் அரைபடுகிறது.

அந்த பேபி அக்கா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு அடியில் “ம்ம்ம்” என்று ஒரு மோட்டார் உறுமல் இருந்தது. எர்த் கொடுத்தால் போய்விடும் என்று ஒரு கம்பியைக் குழாயில் கட்டினேன். உறுமல் சுத்தமாகப் போயிற்று, ஆனால் அதே குழாய் சுவருக்கு அந்தப் பக்கமும் போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. அக்கா குடத்தை வைத்துக் குழாயைத் திறந்ததும் சுர்ரென்று இழுத்திருக்கிறது, அவர் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு ஊசி மறுபடி குதித்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் முறையாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டிக் குழாய் இறக்கித் தனி எர்த் போட்டேன். ஊறுகாய்க்கு வாங்கி வைத்த கல்லுப்பு முழுவதும் குழிக்குள் போயிற்று. தட்டுக்கு அடியில் விரிக்க மெத்தென்ற துணி வேண்டியிருந்தது, எதை எதையோ வெட்டிப் பார்த்தேன், கடைசியில் சரியாக அமைந்தது தாங்கள் எடுத்துக் கொடுத்த கல்யாணக் கோட்டின் முதுகுதான். முன்பக்கம் அப்படியே இருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்திருந்தால் தெரியாது.

வேகத்தையும் விடவில்லை. மூன்று நிமிடத்தில் தட்டு நூறு சுற்றுச் சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன், தொண்ணூற்றாறுதான் வந்தது. அதாவது மாமா, தாங்கள் பாடியதைவிட ஏறக்குறைய அரைக்கட்டை இறக்கித்தான் ஊரே தங்களைக் கேட்டுவந்திருக்கிறது. மோட்டார் தண்டுக்கு முடி கனத்தில் ஓர் உறை கடைந்து மாட்டினேன். இப்போது நூறு, சரியாக நூறு. எண்ணி முடித்ததும் நான் தனியாகக் கை தட்டினேன். ஞானகுமாரி அங்கே இல்லை. நான் தட்டை எடுத்தாலே அவள் பேபி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். “பொறந்ததுலேர்ந்து இந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், கல்யாணம் பண்ணி ஆவடிக்கு வந்தும் விடலையா” என்பது அவள் கட்சி.

இவ்வளவும் செய்து எல்லாச் சத்தமும் ஒழிந்த பிறகு, அந்த ஒரு கோளாறு மட்டும் ஒழியவில்லை. ஒழியாதது மட்டுமில்லை, நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்யச் சரிசெய்ய அது வளர்ந்தது. கடப்பைக் கல் வைத்ததும் “ஸ்” என்பது “ஆ” ஆயிற்று. எர்த் போட்டதும் “ஆய” ஆயிற்று. வேகம் சரியானதும் தெளிவாக “ஆயனே” என்று ஒரு சன்னமான குரல் சொல்கிறது, அதற்குப் பிறகுதான் தாங்கள் கம்பீரமாக “ஆயனே” என்று எடுக்கிறீர்கள். எல்லா வரிக்கும் இப்படித்தான். மூன்றாம் சரணத்தில் மட்டும் அது இரண்டு வரி சொல்கிறது, தாங்கள் வரவில்லை, ஆர்மோனியம் தனியாகப் போகிறது. அந்த இடத்தில் ஆர்மோனியத்துக்கு வழிவிட்டு வேண்டுமென்றே மௌனம் காத்ததாகவும், அதுதான் அந்தப் பாட்டின் உயிர் என்றும், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் ஒரே மூச்சில் பாடியதாகவும் எங்கள் கல்யாணப் பந்தலில் மைக் பிடித்துச் சொன்னீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பேர்ப்பட்ட மௌனத்தில் ஒரு கோளாறு நுழைந்து முணுமுணுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று கரையான்சாவடியிலிருந்து ரேடியோ ரிப்பேர் முனியனை வீட்டுக்கே அழைத்துவந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

“மெஷின் சோக்கா கீது சார், அதுல ஒரு குத்தமும் இல்ல. பாட்டுக்கு முன்னாடி எதுவோ பூந்துகினு கீது.”

“எப்படி வரும்?”

“சில தட்டுல பக்கத்து கோட்டு சத்தம் இந்தக் கோட்ல வந்து ஒட்டிக்கும். ஒரு கண்டன்சர் வெச்சா செத்துரும்.”

“பாட்டு?”

“பாட்டும் லைட்டா படுத்துக்கும். அத்த நீ கண்டுக்காத.”

நாளைக் காலை பூசைக்குப் பிறகு கண்டன்சரோடு வருகிறார். பதினெட்டாம் தேதி தாங்கள் கேட்கும்போது அந்த முணுமுணுப்பு உயிரோடு இருக்காது, இது என் வாக்கு. தாங்கள் எழுதியபடி தனியாகவே வாருங்கள். “உங்கள் அத்தைக்குப் பாட்டும் ஒன்று, மிக்ஸி சத்தமும் ஒன்று, அன்றைக்குப் பதிவுக்கும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள்” என்று எழுதியிருந்தீர்கள், நியாயம்தான், இருமலோடு அவரை எதற்கு அலைக்கழிப்பது? நான் எழும்பூருக்கு வந்து நிற்கிறேன். பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று தங்கள் காதே தீர்ப்புச் சொல்லட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். வரப்போகும் பாலன் இயேசு தங்கள் இல்லத்தில் சமாதானத்தை நிரப்பட்டும் என்று ஜெபித்து, தங்கள் ஆசீரை எதிர்பார்த்து நிற்கும்,

அந்தோணிராஜ்.

பின்குறிப்பு (ஞாயிறு மத்தியானம்): மேலே எழுதியதில் என் பெயரையும் முகவரியையும் தவிர மற்றதை அடித்துவிடவும். முனியன் வந்தார். பற்றவைக்கும் முன் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று போட்டேன். கெடு முடிந்துவிட்டது என்று ஞானகுமாரி அம்மியைத் தூக்கிப்போக வந்தாள். குழவியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டாவது வரிக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் சரணத்தில் அந்த இரண்டு வரி வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். முனியன் பயந்துபோய் “இன்னாமா ஆச்சு, யாரு அது?” என்றார். “எங்கம்மா” என்றாள். முனியன் கண்டன்சரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “அப்ப இது வாணாம் சார்” என்று சொல்லி எழுந்துவிட்டார்.

மூன்று வாரமாக நான் ஒழித்துக்கட்டப் பார்த்தது அத்தையை, மாமா. எனக்கு வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து காலையிலிருந்து உட்கார முடியவில்லை. பாட்டு முழுவதும் அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. தங்களுக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைச் சகலைக்கே கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, என் பித்தளை எடையோடு கொடுத்தால் போதும். அதற்கு முன்னால் அத்தை அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்க வேண்டும். அவர்கள் இல்லாமல் வந்தால் கதவு திறக்காது என்று தங்கள் மகள் சொல்லச் சொன்னாள். காலணாவை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். பழைய இடத்தில் ஒட்டினால் அத்தையின் குரல் கேட்காது. ஒட்டுவதும் ஒட்டாததும் தங்கள் இஷ்டம். இதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து இல்லை.

அப்பா, பாட்டு முடிந்து தட்டு நிற்பதற்கு முன்னால், அம்மா மெதுவாக “நல்லா பாடுனீங்க” என்கிறாள். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? எட்டுத் தடவை போட்டுப் பார்த்துவிட்டோம். அது மட்டும் கேட்கவில்லை.
ஞானம்.