தலைவர் பதவி வேண்டாம் என்று சொன்ன குற்றம்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
ஆனி 16

எங்கள் ஊர்ச் சங்கத்தின் போசகரும் என் மனைவியின் மூத்த சகோதரருமாகிய, பெருமதிப்பிற்குரிய சிவநேசம் அத்தான் அவர்களுக்கு,

ரொறன்ரோவில் தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. இங்கு நான் நலமில்லை. பதினொரு வருடம் வகித்த தலைவர் பதவி ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. போசகர் என்ற முறையில் தாங்கள் உடனே ஒரு தீர்ப்பு எழுதி அதை மீட்டுத் தரவேண்டும்.

சங்க விதிகளைப் புதிதாக எழுத நம் ஊர் அஜந்தாவின் மகள் தாட்சாயினியைப் பிடித்தது என் மடத்தனம்தான். பிள்ளை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக் கல்லூரியில் அரசியல் தத்துவம் படிக்கிறது, நாலு விதி எழுதித் தரும் என்று பார்த்தால், முந்நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரர் ஐந்து பேரைக் கூட்டத்துக்குக் கூட்டிவந்துவிட்டது. ஹாப்ஸ் நல்ல மனிதர். எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் இல்லாவிட்டால் ஆளையாள் கடித்துக் குதறுவார்கள் என்கிறார், எங்கள் ஆண்டுக் கூட்டத்தைப் பார்த்தவர் போல. வோல்தேரும் பரவாயில்லை, அறிவுள்ள ராசா ஒருவர் ஆண்டால் போதும் என்கிறார். அப்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வந்தார் மொந்தெஸ்கியூ. சட்டம் போடுபவர், நடத்துபவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டுமாம். உடனே பின்வரிசையில் நம் சங்கப் பொடியன் வலன்ரைன் எழும்பி, "ஒன்றுகூடலில கரண்டியில தேசிக்காய் வைச்சு ஓடுற போட்டிக்கு விதி சொன்னது அண்ணை, விசில் ஊதினது அண்ணை, பேந்து தன்ர மகனுக்கு முதல் பரிசு எண்டு தீர்த்ததும் அண்ணை!" என்று கத்த, சபை சிரிக்க, எல்லாவற்றையும் மக்களே கூடி முடிவெடுக்கவேண்டும் என்று ரூசோ வேறு வந்து சேர, தேத்தண்ணியை இப்போது குடிப்பதா பிறகு குடிப்பதா என்று மக்கள் முக்கால் மணித்தியாலம் முடிவெடுத்து, தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அதுகூடப் போகட்டும். தலைவர் தெரிவில் வழக்கம்போல என் பெயரை முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். நானும் வழக்கம்போல எழும்பி, "எனக்கு வேண்டாம், இளம் ஆக்கள் வரட்டும்" என்றேன். அத்தான், நீங்கள் அறியாததா? நாங்கள் இரண்டு தரம் மறுப்பதும், சபை கெஞ்சுவதும், மூன்றாம் தரம் "சரி, உங்களுக்காக" என்று மாலைக்குக் கழுத்தை நீட்டுவதும்தானே மரபு! தாட்சாயினியோ பேனையை எடுத்து, "ஓம் அங்கிள். சம்மதம் இல்லாமல் ஆட்சி இல்லை எண்டு லாக் சொல்லியிருக்கிறார். உங்களை வற்புறுத்தேலாது" என்று அறிக்கையில் எழுதிவிட்டாள். நான் வாயைத் திறக்குமுன் வலன்ரைனை முன்மொழிந்தார்கள். அந்தப் பாவி ஒரு தரம்கூட மறுக்கவில்லை. "ஓம், செய்யிறன்" என்று உட்கார்ந்துவிட்டான்! நான் மெட்ரோவில் வீட்டடி நிலையமான அக்காடியில் இறங்கவும் மறந்து கடைசி நிலையம்வரை அழுதுகொண்டு போனேன்.

ஆகவே தாமதியாமல் தீர்ப்பை அனுப்புங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லாம் வல்ல முருகன் தங்கள் கையெழுத்துக்கு வலுத் தருவாராக.

இங்ஙனம்,
'முன்னாள்' என்று எழுதக் கை கூசும் தலைவர்,
சி. கிருபானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது தாட்சாயினி கொப்பியும் கையுமாக வந்தாள். ஒன்றுகூடலுக்குப் பூங்கா அனுமதி எடுப்பது யார், இருநூறு கதிரை அடுக்குவது யார், கூழ்ப்பானை கழுவுவது யார் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் "நான்தான்" என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "அங்கிள், இவ்வளவையும் நீங்கள் தனியவோ செய்தனீங்கள்?" என்றாள். பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. வேலைகளைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்து எழுதிவிட்டாள். என் பெயருக்கு நேரே 'வந்து சாப்பிடுவது' என்று மட்டும் இருக்கிறது. தயவுசெய்து தீர்ப்பு ஒன்றும் அனுப்பிவிடாதீர்கள், அத்தான்.