சிவப்பரின் மூன்று போத்தல்கள்

மட்டக்களப்பில் ஆமிக்காரனை மூஞ்சிக்கு நேரே ஏசிவிட்டு உயிரோடு வீடு திரும்பிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அதையும் அவர் பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு வைனுக்காகச் செய்தார்.

அவரைச் சிவப்பர் என்போம். வைனால் வந்த பெயர். கோபத்தில் எந்நேரமும் சிவந்திருந்த கண்களும் அதற்குத் துணை நின்றன. ஒருமுறை சோதனைச்சாவடியில் யாரோ "சிவப்பர் வாறார்" என்றதைக் கேட்டு, எந்தக் கட்சியென்று அரை நாள் விசாரித்தார்கள். "நான் போர்தோக் கட்சி" என்றாராம். போர்தோ பிரான்சில் வைன் விளையும் ஊர். அப்படியொரு இயக்கம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

வாவிக்கரையில் இருந்த ஒரு விடுதியில் நான் வரவேற்பு மேசைக் கிளார்க். அவர் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பு. அதற்கு முன் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வைன் பரிமாறியவர். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லோரும் உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர, சிவப்பர் மட்டும் பன்னிரண்டு போத்தல்களோடு வந்திறங்கினார். நாட்டை விட்டுப் போன அவருடைய பிரெஞ்சு முதலாளி கொடுத்தவை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விளைந்த வைன். "எனக்கு ஒரு சீல கொண்டு வரல்ல, இதத் தூக்கிக்கு வந்திரிக்கார்" என்று அவர் மனைவி பாக்கியம் அக்கா கடைசிவரை சொல்லிக்காட்டினார்.

விடுதியின் மாடிப்படிக்குக் கீழே குழி வெட்டி, மணல் பரப்பி, போத்தல்களைப் படுக்கவைத்து, மேலே ஈரச்சாக்கு மூடியிருந்தார். நாளுக்கு மூன்று தரம் சாக்கை நனைப்பார். படியில் யாராவது தடதடவென்று இறங்கினால் தொலைந்தார்கள்.

"மெல்ல இறங்கு! கீழ வயசான ஆக்கள் படுத்திரிக்காங்க!"

புதிதாக வந்த விருந்தினர்கள் அதை நம்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

எப்போதாவது ஒரு போத்தலைத் திறப்பார். வாயில் வைத்து உருட்டிவிட்டுத் துப்புவார். குடிப்பவர்களை ஏசிப் பழகிய ஊருக்கு, துப்புகிறவரை என்ன சொல்லி ஏசுவதென்று தெரியவில்லை.

"ஏன் அண்ண, இத இவ்வளவு காலம் வச்சிருக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சும்மா கிடக்கெண்டு நினைக்கிறயா புள்ள? உள்ளுக்க வேல நடக்குது. இளசில வாயை இறுக்கிப் பிடிக்கும், பச்ச வாழக்காய் கடிச்ச மாதிரி. மறுகா கசடு அடியில இறங்கும். நிறம் ஓட்டு நிறத்துக்கு வெளிறும். பழவாசம் போய் மழ பெஞ்ச காட்டு வாசம் வரும். அதுக்குப் பிறகு ஒருநாள் செத்துப்போகும். எந்த நாள் எண்டு ஒருத்தனுக்கும் தெரியா. அதுவும் இந்த வெக்கையில என்ட போத்தலுகளுக்கு வருசத்துக்கு ரெண்டு வயசு போகுது!" கடைசி வரியை வெயிலைப் பார்த்துக் கத்தினார்.

ஒரு சுற்றிவளைப்பில் சிப்பாய் ஒருவன் அந்தக் குழியைக் கண்டுபிடித்தான். துப்பாக்கியை நீட்டியபடி சாக்கை விலக்கி, ஒரு போத்தலை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான். சிவப்பர் பாய்ந்தார்.

"குலுக்காதடா மடையா! அவ்வளவு கசடும் எழும்பப் போகுது!"

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. வெடிக்கப் போகிறது என்று விளங்கிக்கொண்டான் போலிருக்கிறது. பிறந்த குழந்தையைக் கிடத்துவது போலப் போத்தலை மணலில் கிடத்திவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினான்.

இரண்டாயிரத்து நாலில், சுனாமியாகக் கடல் வந்த காலையில் சிவப்பர் வேலையில் இருந்தார். பாக்கியம் அக்கா நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த வீட்டில். சனமெல்லாம் கல்லடிப் பாலத்தால் இந்தப் பக்கம் ஓடிவர, சிவப்பர் அந்தப் பக்கம் ஓடினார். மூன்றாம் நாள் அக்காவின் உடல் கிடைத்தது.

வாவித் தண்ணீர் எங்கள் விடுதியின் கீழ்த்தளத்திலும் புகுந்திருந்தது. சேற்றை அள்ளியபோது, மிச்சமிருந்தவற்றில் மூன்று போத்தல்கள் உடையாமல் கிடந்தன. லேபிள்கள் கரைந்துவிட்டன. அவருக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்து, கழுவித் துடைத்து, அவர் திரும்பி வந்த அன்று மேசையில் வைத்தேன். நான் செய்த மடத்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

"இதுகள் தப்பிற்றுதோ?" என்றார். குரல் மெல்ல ஏறியது. "இருவது வருசமா ஒருநாள் விடாம இதுகளுக்குத் தண்ணி தெளிச்சன். அவளுக்கு ஏறி நிக்க ஒரு மாடி கட்டிக் குடுக்கல்ல. இதுகள் தப்பிற்றுது!"

ஒன்றைத் தூக்கி வாவிக்குள் எறியக் கையை ஓங்கினார். நான் தடுக்கவில்லை. கை தானாகவே நின்றது. பிறகு குனிந்து, பழக்கதோஷத்தில், போத்தலைப் படுக்கவைத்தார். அப்படிப் படுக்கவைத்ததற்காகத் தன்னையே தூஷணத்தால் ஏசிக்கொண்டார்.

அடுத்த மாதங்களில் ஊர் முழுக்க நிவாரண வாகனங்கள். அதில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வைன் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவராம். இந்த வெக்கையில் இருபது வருடம் கிடந்த வைன் எப்போதோ செத்திருக்கும் என்று சிரித்தார். சிவப்பர் போய் இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்தார்.

முதலாவது புளித்துச் சுத்த வினாகிரியாகியிருந்தது. பிரெஞ்சுக்காரர் மீண்டும் சிரித்தார். சிவப்பர் அதை மூடித் தள்ளிவைத்துவிட்டு, இரண்டாவதைத் திறந்தார். தக்கை தூளாக நொறுங்கியது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தபோது அறுபத்தாறு என்று வருடம் தெரிந்தது. துணியில் வடித்து ஊற்றினார். பிரெஞ்சுக்காரர் ஒரு மிடறு குடித்தார். இதுவும் போய்விட்டது என்று கிளாஸைத் தள்ளினார்.

கோபம் வந்தால் சிவப்பருக்கு ஆங்கிலம் மறந்துவிடும். "நாப்பது வருசம் மூச்சடக்கிக் கிடந்தவன எழுப்பி, உடன பாட்டுப் படிக்கச் சொல்றயோ? பொறுடா!"

நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி குடித்தவர் கிளாஸை மூக்கடியில் வைத்தபடி நெடுநேரம் இருந்தார். பிறகு எழுந்து நின்று சிவப்பருக்குக் கை கொடுத்தார். கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே சிவப்பர் சொன்ன வார்த்தையை நான் மொழிபெயர்க்கவில்லை.

யுத்தம் முடிந்த வாரம் வீதியில் பட்டாசு வெடித்தார்கள். என் அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் கடைசிச் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தார்கள். இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. அப்படியொரு மத்தியானம், சுனாமி வீடுகளை ஒழுக ஒழுகக் கட்டிக் கொழுத்த ஒப்பந்தகாரர் ஒருவர் பத்துப் பேரோடு வந்திறங்கினார்.

"சிவப்பர், அந்தப் பழைய பிரெஞ்சுச் சாமானக் கொண்டாங்க. சண்ட முடிஞ்சிற்று, கொண்டாடுவம்!"

சிவப்பர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எழுத்தொன்றும் தெரியவில்லை.

"ஓம் ஐயா, கொண்டாறன்" என்றார் சிவப்பர். அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. பயமாக இருந்தது.

கையில் வெள்ளைத் துணி போட்டு அவர் கொண்டுவந்தது அந்த வினாகிரிப் போத்தல். நாலு வருடத்தில் அது இன்னும் முற்றியிருந்தது. எல்லோருக்கும் ஊற்றிவிட்டுச் சொன்னார்: "இதின்ட ருசி பெரிய ஆக்களுக்குத்தான் விளங்கும். விளங்காத ஆக்கள் புளிக்குது எண்டுவாங்க."

எல்லோரும் குடித்தார்கள். எல்லா முகமும் சுருங்கியது. ஒருவர் வாயிலிருந்தாவது புளிப்பு என்ற சொல் வரவேண்டுமே! ஒப்பந்தகாரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமையான சாமான்" என்று இன்னொரு கிளாஸ் கேட்டார். சிவப்பர் விளிம்புவரை ஊற்றினார்.

குசினிக்குள் வந்ததும் நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் ஓங்கிக் குத்தினார். "ஆரு செத்தது ஆரு தப்பினது எண்டு ஒரு சேதி இல்ல. கொண்டாட்டமாம்!"

ஒன்றரை மாதம் கழித்து அகதி முகாமிலிருந்து செய்தி வந்தது. அக்காவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அத்தான் இல்லை. அன்று சிவப்பர் என்னைக் கேட்காமலே கடைசிப் போத்தலைத் திறந்தார்.

"ஏன் அண்ண? இன்னும் கொஞ்சக்காலம் வச்சிருந்திருக்கலாமே."

"ஆருக்கு வைக்க? சந்தோசமும் துக்கமும் ஒண்டா வந்திரிக்கு. அதுக்குத் தேத்தண்ணியா தாறது? குடி. கிளாஸ அப்பிடிப் பொத்திப் பிடிக்காத! கீழ, காலில பிடி!"

அதற்கு முன் மது என்று எதையும் நான் தொட்டதில்லை. அது கசந்தது, துவர்த்தது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சிவப்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.